போஸ்ட்கிரஸ் க்வெரி கண்காணிப்பு: எதை டீஃபால்ட்டில் விடலாம், எதைக் கையால் எழுதணும்?

#1 · கணியன்

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸோட 14 முதல் 17 வரையான பதிப்புகள் கலந்து ஓடும் பல சர்வர்களுக்குப் பொதுவாக ஒரு கண்காணிப்புக் கான்ஃபிக் எழுத வேண்டியிருக்கு. குழுவில் ரெண்டு கட்சி. "நாலு வரி போதும், மத்ததெல்லாம் டீஃபால்ட்" என்பது ஒண்ணு. "கண்காணிப்பைத் தொடுற எல்லா பாராமீட்டரையும் மதிப்போட எழுதிடணும், அப்பதான் கோப்பைத் திறந்தாலே சர்வர் என்ன செய்யுதுன்னு தெரியும்" என்பது இன்னொண்ணு. நாளைக்கு அந்தக் கோப்பைப் பராமரிக்கப்போறவங்களுக்கு எது நல்லது? எந்த வரி, என்ன மதிப்புன்னும் சேர்த்துச் சொன்னா உதவியா இருக்கும்.

#2 · பொருநை

முழுக்க டீஃபால்ட்டில் விட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எத்தனை மில்லிசெகண்டுக்கு மேல் ஓடும் க்வெரியை லாக்கில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) எழுதுவது என்று சொல்லும் லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட்டின் டீஃபால்ட் மதிப்பு -1. அதாவது ஒரு க்வெரி ஒரு மணி நேரம் ஓடினாலும் லாக்கில் ஒரு வரிகூட வராது. தற்காலிகக் கோப்புகளைப் பதியும் லாக்_டெம்ப்_ஃபைல்ஸும் -1. உங்கள் பதிப்புகளில், பூட்டுக்காக நீண்ட நேரம் காத்திருப்பதைப் பதியும் லாக்_லாக்_வெயிட்ஸ் ஆஃப், டிஸ்கில் படிக்க எழுத ஆகும் நேரத்தை அளக்கும் ட்ராக்_ஐஓ_டைமிங் ஆஃப். ஒவ்வொரு வகைக் க்வெரியும் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஓடியது என்று தொகுக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷன் கூடவே வருகிறது, ஆனால் ஏற்றினால்தான் வேலை செய்யும். ஆகவே "எல்லாம் டீஃபால்ட்" என்றால் கண்காணிப்பே இல்லை என்று பொருள்.

எதை எழுதுவது என்பதற்கு ஒரே கேள்விதான் அளவுகோல்: சரியான மதிப்பு நம் பணிச்சுமையைப் பொறுத்து மாறுமா? மாறும் என்றால் எழுதுங்கள், பக்கத்திலேயே காரணத்தையும் ஒரு கமென்ட்டாக எழுதுங்கள். மாறாது என்றால் தொடாதீர்கள். அந்த மதிப்பை போஸ்ட்கிரஸை எழுதுகிறவர்கள் நம்மைவிட நன்றாக யோசித்து வைத்திருக்கிறார்கள்.

என் பொதுக் கோப்பில் இவ்வளவுதான் இருக்கும்:

ஷேர்டு_ப்ரீலோட்_லைப்ரரிஸ் = 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்'
லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட் = 1000
லாக்_லாக்_வெயிட்ஸ் = ஆன்
லாக்_டெம்ப்_ஃபைல்ஸ் = 10240
ட்ராக்_ஐஓ_டைமிங் = ஆன்

இதோடு, ஒவ்வொரு லாக் வரியின் தொடக்கத்திலும் என்ன வரும் என்று சொல்லும் லாக்_லைன்_ப்ரிஃபிக்ஸ். டீஃபால்ட்டில் நேரமும் ப்ராசஸ் எண்ணும் மட்டும்தான் வரும். எந்த யூசர், எந்த டேட்டாபேஸ், எந்த அப்ளிகேஷன் என்று தெரியாமல் மெதுவான க்வெரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த மூன்றையும் சேர்த்துவிடுங்கள். 14-இலிருந்து சதவீதக் குறியோடு பெரிய எழுத்து க்யூ போட்டால் க்வெரிஐடியும் (ஒரே வடிவக் க்வெரிகளுக்கான பொது அடையாள எண்) வரும். லாக்கில் பார்த்த வரியையும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸில் உள்ள வரிசையையும் நேரடியாக இணைக்க அதுதான் வழி.

#3 · ஸ்லோலாக்

பொருநை சார் சொல்ற அளவுகோல் சரி. ஆனா டீஃபால்ட் ஒரே இடத்துல நிக்காது, அதை நம்பி எப்படி விடுறது? செக்பாயின்ட் (மெமரியில இருக்கிற மாற்றங்களை டிஸ்குக்கு எழுதி முடிக்கிற வேலை) நடந்ததைப் பதியுற லாக்_செக்பாயின்ட்ஸ் 14-ல ஆஃப், 15-ல ஆன். டேபிள்களைத் தானா சுத்தம் பண்ற வேலையைப் பதியுற லாக்_ஆட்டோவேக்யூம்_மின்_டியூரேஷன் 14-ல -1, 15-ல 10 நிமிஷம். கணியன் கிட்ட 14-லிருந்து 17 வரை இருக்கு. ஒரே கோப்பு போட்டும் ஒரு சர்வர்ல செக்பாயின்ட் வரி வரும், இன்னொண்ணுல வராது. டாஷ்போர்டுல ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறவருக்கு, வரி வராத சர்வர் அமைதியா இருக்கிற மாதிரி தோணும். எல்லாத்தையும் எழுதிட்டா இந்தக் குழப்பமே வராது.

#4 · பொருநை

ஸ்லோலாக் சொன்ன அதே ரெண்டு பாராமீட்டரை மறுபக்கமிருந்து பாருங்கள். இன்ஸ்டால் ஆகும்போது வரும் மாதிரிக் கோப்பில் ஏறக்குறைய ஒவ்வொரு பாராமீட்டரும் முன்னால் # போட்டு டீஃபால்ட் மதிப்போடு இருக்கும். 14 காலத்தில் யாரோ "தெளிவாக இருக்கட்டும்" என்று # எடுத்துவிட்டு லாக்_செக்பாயின்ட்ஸ் = ஆஃப் என்று விட்டுவிடுகிறார். அதே கோப்பு 17-க்குப் போகிறது. போஸ்ட்கிரஸ் தரப்பு ஆராய்ந்து டீஃபால்ட்டை நல்லதாக மாற்றியும் அந்தச் சர்வருக்கு அது போய்ச் சேரவில்லை. அந்த ஆஃப் யாரோ யோசித்து வைத்ததா, வெறும் நகலா என்று பின்னால் வருகிறவரால் கண்டுபிடிக்கவும் முடியாது.

பதிப்புகள் கலந்திருக்கும்போது, உங்களுக்கு அந்தத் தகவல் வேண்டும் என்றால் ஆன் என்றே எழுதுங்கள். அது முடிவு எடுத்து எழுதின வரி. டீஃபால்ட்டை அப்படியே நகல் எடுத்து எழுதின வரி வேறு.

தேவையில்லாமல் எழுதப்பட்ட வரிகளைக் கண்டுபிடிக்க, எல்லா பாராமீட்டர்களின் மதிப்பையும் காட்டும் பிஜி_செட்டிங்ஸ் வியூவே போதும். சோர்ஸ் நெடுவரிசை 'கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்று இருந்து, செட்டிங் நெடுவரிசையும் பூட்_வால் (டீஃபால்ட் மதிப்பு) நெடுவரிசையும் ஒன்றாக இருக்கும் வரிசைகளை எடுங்கள். அவை எல்லாம் டீஃபால்ட்டையே திரும்ப எழுதின வரிகள். ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். காரணம் கிடைக்காவிட்டால் நீக்குங்கள். சோர்ஸ்ஃபைல், சோர்ஸ்லைன் நெடுவரிசைகள் கோப்பையும் வரி எண்ணையும் காட்டிவிடும்.

#5 · ஸ்லோலாக்

அந்த க்வெரி நல்லா இருக்கு, ஏத்துக்கிறேன். ஒண்ணு மட்டும் விடமாட்டேன்: கோப்புல எழுதாம விட்ட பாராமீட்டரோட மதிப்பையும் எங்கேயாவது பதிவு பண்ணணும். ஒவ்வொரு அப்கிரேடுக்கும் முன்னாடியும் பின்னாடியும் பிஜி_செட்டிங்ஸை முழுசா எடுத்து வெச்சு டிஃப் (ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்) பாருங்க. மாறின டீஃபால்ட் எல்லாம் ஒரு பக்கத்துல வந்துடும். டீஃபால்ட்டை நம்பலாம், ஆனா மாறினா தெரியணும்.

#6 · நிலவறை

கொள்கையை நீங்கள் பேசுங்கள். நடைமுறையில் சர்வர் எழாமல் போகும் இடம், தொடங்கும்போதே ஏற்ற வேண்டிய லைப்ரரிகளைப் பட்டியலிடும் ஷேர்டு_ப்ரீலோட்_லைப்ரரிஸ். அதைப் பற்றிச் சில எச்சரிக்கைகள்.

அந்த வரி சேர்த்துக்கொண்டே போகாது. பொதுக் கோப்பில் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ், சர்வருக்கான தனிக் கோப்பில் ஆட்டோ_எக்ஸ்ப்ளெய்ன் (மெதுவான க்வெரியை சர்வர் ஓட்டிய முறையை, அதாவது ப்ளானை, லாக்கில் எழுதுவது) என்று இரண்டு இடத்தில் எழுதினால், கடைசியாகப் படிக்கப்படுவது மட்டுமே நிற்கும். முதலாவது சத்தமில்லாமல் போய்விடும். இன்க்ளூட்_டிர் மூலம் சேர்க்கும் கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படும். அதனால் பொதுவுக்கு 00, தனிக்கு 50 என்று எண்ணில் தொடங்கும் பெயர் வைப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஆல்டர் சிஸ்டம் என்ற எஸ்க்யூஎல் கட்டளை எழுதும் ஆட்டோ.கான்ஃப் கோப்பு படிக்கப்படும். "கோப்பில் மாற்றினேன், சர்வரில் மாறவில்லை" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஆல்டர் சிஸ்டம் வழியாக இரண்டு லைப்ரரிகளைக் கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மேற்கோள் குறி போடுங்கள். இரண்டையும் கமாவோடு ஒரே மேற்கோளுக்குள் அடைத்தால், கமா உட்பட முழுவதையும் ஒரே லைப்ரரியின் பெயராக எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்யும்போது அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்று சர்வர் எழ மறுக்கும். ஆட்டோ.கான்ஃபைக் கையால் திருத்தித்தான் மீள வேண்டும்.

ஏற்றியபின் தேவைப்படும் டேட்டாபேஸில் க்ரியேட் எக்ஸ்டென்ஷன் ஓட்ட வேண்டும். லைப்ரரி ஏறிவிட்டால் எண்ணிக்கை எல்லா டேட்டாபேஸுக்கும் நடக்கும். எக்ஸ்டென்ஷன் இருக்கும் டேட்டாபேஸிலிருந்துதான் அதைப் பார்க்க முடியும். ஆகவே ஒரே ஒரு நிர்வாக டேட்டாபேஸில் போட்டாலும் போதும். பார்க்கிற யூசருக்கு பிஜி_மானிட்டர் ரோல் கொடுங்கள். இல்லையென்றால் மற்றவர்களின் க்வெரி உரைக்குப் பதிலாக அனுமதி இல்லை என்ற வாசகம் வரும், க்வெரிஐடியும் காலியாக இருக்கும்.

இன்னொன்று. கம்ப்யூட்_க்வெரி_ஐடியின் டீஃபால்ட் 'ஆட்டோ'. பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் ஏறினால் அதுவே இயங்கத் தொடங்கும். "எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதுவோம்" என்று யாராவது இதை ஆஃப் என்று எழுதிவிட்டால் எக்ஸ்டென்ஷன் இருக்கும், வியூ இருக்கும், புள்ளிவிவரம் மட்டும் சேராது. தொடக்கூடாத வரிக்கு இது நல்ல உதாரணம்.

#7 · கணியன்

மிக்க நன்றி நிலவறை. 1000 மில்லிசெகண்ட் என்ற எல்லை எங்கிருந்து வருது? வெப் அப்ளிகேஷனுக்கு ஒரு செகண்ட் ரொம்ப அதிகம்னு தோணுது. 100-க்குக் குறைக்கலாமா? ஒரேயடியா 0 வெச்சா எல்லாமே கிடைக்குமே?

#8 · ஆழிக்கரை

0 வைப்பதன் விலையை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். செகண்டுக்கு 1000 ஸ்டேட்மென்ட், ஒரு லாக் வரி சுமார் 300 பைட் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 86,400 செகண்ட்: ஏறக்குறைய 26 ஜிபி. டேட்டாவும் லாக்கும் ஒரே டிஸ்கில் இருந்தால் அந்த எழுத்து வேலையே க்வெரிகளை மெதுவாக்கும். டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸும் நின்றுவிடும்.

அடுத்து, லாக்கிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது. 4 மில்லிசெகண்டில் முடியும் ஒரு க்வெரி நாளுக்கு 50 லட்சம் தடவை ஓடினால் மொத்தம் 20,000 செகண்ட், ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். 2 செகண்ட் எடுக்கும் ரிப்போர்ட் 40 தடவை ஓடினால் 80 செகண்ட்தான். எல்லை 1000 ஆனாலும் 100 ஆனாலும் லாக் காட்டுவது இரண்டாவதை மட்டுமே. சர்வரை உண்மையில் தின்பது முதலாவது. அதைப் பிடிக்க பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸில் டோட்டல்_எக்ஸெக்_டைம் (மொத்த ஓட்ட நேரம்) அதிகமானதிலிருந்து அடுக்கிப் பார்க்க வேண்டும். ஆகவே லாக்கின் எல்லையைக் கீழே கீழே இறக்கி எல்லாவற்றையும் அதிலேயே பிடிக்கப் பார்க்க வேண்டாம். வழக்கத்துக்கு மாறாக இழுக்கும் க்வெரியை, அதன் உண்மையான பாராமீட்டர் மதிப்போடு காட்டுவதுதான் லாக்கின் வேலை.

எல்லையை ரோல் (டேட்டாபேஸில் நுழையும் யூசர் கணக்கு) வாரியாகப் பிரியுங்கள். இந்த இடத்தில் வெளிப்படையான கான்ஃபிக் கட்டாயம் வேண்டும். பொது 1000 இருக்கட்டும். வெப் அப்ளிகேஷன் ரோலுக்கு ஆல்டர் ரோல் மூலம் 250. இரவில் ஓடும் ரிப்போர்ட் ரோலுக்கு 30,000. இல்லாவிட்டால் ரிப்போர்ட் க்வெரிகள் லாக்கை நிரப்பி, வெப்பின் 300 மில்லிசெகண்ட் சரிவு கண்ணிலேயே படாது.

ரோல் அளவு மதிப்பு கனெக்‌ஷன் தொடங்கும்போதுதான் படிக்கப்படும், இதை மறக்க வேண்டாம். கோப்பில் மாற்றி ரீலோட் செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் செஷன்களுக்கும் போய்ச் சேரும். ஆல்டர் ரோல் அப்படிச் சேராது. நடுவில் பிஜிபவுன்சர் (திறந்த கனெக்ஷன்களை வைத்திருந்து பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள்) இருந்தால் பழைய சர்வர் கனெக்‌ஷன்கள் பழைய எல்லையோடு நீண்ட நேரம் உயிரோடு இருக்கும். அதன் நிர்வாக கன்சோலில் ரீகனெக்ட் கட்டளை கொடுத்தால், ஒவ்வொரு கனெக்‌ஷனும் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு மூடும்.

குறைந்த எல்லையில் மாதிரி மட்டும் வேண்டும் என்றால் 13-இலிருந்து வழி இருக்கிறது: லாக்_மின்_டியூரேஷன்_சாம்பிள் = 100, லாக்_ஸ்டேட்மென்ட்_சாம்பிள்_ரேட் = 0.01. 100-க்கும் 1000-க்கும் இடையில் நூற்றில் ஒன்று, 1000-க்கு மேல் எல்லாமே. சாம்பிள் எல்லை முதன்மை எல்லையைவிடக் கீழே இருக்க வேண்டும், மேலே வைத்தால் அதற்கு எந்த விளைவும் இல்லை. ரேட்டின் டீஃபால்ட் 1.0 என்பதால் சாம்பிள் வரியை மட்டும் எழுதிவிட்டு ரேட்டை மறந்தால், 100-க்கு மேல் இருப்பது அத்தனையும் லாக்கில் கொட்டும். இந்த இரண்டு வரியையும் எப்போதும் ஜோடியாக எழுதுங்கள்.

#9 · ஸ்லோலாக்

ஆழிக்கரை "உண்மையான பாராமீட்டர் மதிப்போடு"ன்னு சொன்னாரே, அங்கேதான் நான் கட்டாயம் எழுதச் சொல்ற வரி இருக்கு. லாக்_பாராமீட்டர்_மேக்ஸ்_லெங்த் டீஃபால்ட் -1. பைண்ட் பாராமீட்டர் (க்வெரி உரையோட ஒட்டாம தனியா அனுப்புற மதிப்பு) முழுசும் லாக்குக்குப் போகும். அதுல ஃபோன் நம்பர், இமெயில், மருத்துவ விவரம் எல்லாம் இருக்கலாம். அந்த லாக் அப்புறம் வேற சர்வருக்குப் போய், டேட்டாபேஸ் அனுமதியே இல்லாத பல பேர் கண்ணுல படும். 0 வெச்சா பாராமீட்டர் வராது. 64 மாதிரி சின்ன எண் வெச்சா ஒவ்வொரு மதிப்பும் அந்த பைட் அளவோட வெட்டப்படும், ஆனா ஃபோன் நம்பர் அதுக்குள்ளயே அடங்கிடும். தனிநபர் தகவல் இருக்கிற டேட்டாபேஸ்ல 0-தான். டீஃபால்ட் நமக்குச் சாதகமா இல்லாத இடம் இது, அதனால யாரும் இதை விட்டுடாதீங்க.

க்வெரி உரைக்குள்ளேயே மதிப்பை ஒட்டி அனுப்புற அப்ளிகேஷனுக்கு இந்த வரி உதவாது. ஸ்டேட்மென்ட் உரை அப்படியே போகும். அதைச் சரி பண்ற இடம் அப்ளிகேஷன்தான்.

#10 · நிலவறை

லாக்கைப் படிக்கும்போது இன்னொன்று கவனியுங்கள். க்வெரி உரையையும் மதிப்புகளையும் தனித்தனியாக அனுப்பும் எக்ஸ்டெண்டட் ப்ரோட்டோகாலில் பார்ஸ் (உரையைப் படிப்பது), பைண்ட் (மதிப்புகளைப் பொருத்துவது), எக்ஸிக்யூட் (ஓட்டுவது) மூன்றின் நேரமும் தனித்தனியாக அளக்கப்படும். ப்ளான் போடவே நேரம் எடுக்கும் க்வெரி, 'பைண்ட்' என்ற வரியில் எல்லை தாண்டும். எக்ஸிக்யூட் வரி வராமலே போகலாம். நிறைய பார்ட்டிஷன் (உட்பிரிவு) உள்ள டேபிள்களில் இது சகஜம்.

#11 · வைகறை

எத்தனை க்வெரி வரிசைகளை வைத்திருக்கலாம் என்ற வரம்பான பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்.மேக்ஸ் டீஃபால்ட் 5000. இதை 50,000 ஆக்கச் சொல்லி நிறைய இடங்களில் அறிவுரை இருக்கிறதே, பொதுக் கோப்பில் சேர்க்கலாமா?

#12 · பொருநை

அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள், வைகறை. 14-இலிருந்து பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்_இன்ஃபோ என்ற வியூவில் டீஅலாக் என்று ஓர் எண் இருக்கிறது. இடம் போதாமல் குறைவாக ஓடும் க்வெரிகளைக் கூட்டமாக வெளியேற்றும் ஒவ்வொரு முறையும் அது ஒன்று ஏறும். ஒரு வாரத்தில் அது அசையவே இல்லையென்றால் 5000 தாராளம். மணிக்கு மணி ஏறினால் காரணத்தைத் தேடுங்கள். மேக்ஸை உயர்த்துவது அதற்கு அப்புறம்.

பொதுவான காரணம், எஸ்க்யூஎல்லில் 'இன்' என்று எழுதி அடைப்புக்குள் அடுக்கும் மதிப்புப் பட்டியல். 17 வரை, இன் (1, 2) ஒரு க்வெரிஐடி, இன் (1, 2, 3) வேறொரு க்வெரிஐடி. ஓஆர்எம் (அப்ளிகேஷனுக்காகக் க்வெரியைத் தானே எழுதும் லைப்ரரி) ஒரு பக்கத்துக்கு எத்தனை ஐடி தேவையோ அத்தனையை அடுக்கி அனுப்பினால், ஒரே க்வெரி 1 முதல் 500 உறுப்பு வரை 500 வரிசைகளாகச் சிதறும். ஒவ்வொன்றின் மொத்த நேரமும் சிறிதாக இருப்பதால், சர்வரின் மிகக் கனமான க்வெரி முதல் இருபதில்கூட வராது. மேக்ஸை 50,000 ஆக்கினாலும் இந்தச் சிதறல் போகாது. பட்டியலுக்குப் பதில் ஒரே அர்ரே பாராமீட்டர் கொடுத்து 'ஈக்வல் எனி' என்று எழுதினால் எல்லாம் ஒரு வரிசைக்குள் வந்துவிடும். போஸ்ட்கிரஸ் 18 மாறிலிப் பட்டியலைத் தானாகவே ஒன்றாகச் சேர்க்கிறது. கான்ஃபிக்கே தேவைப்படாத தீர்வு, மிக நல்ல மாற்றம்.

இன்னொரு காரணம், வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்கீமா (டேபிள்களின் தனித் தொகுப்பு) வைப்பது. 17 வரை க்வெரிஐடி டேபிளின் ஓஐடியை (உள் அடையாள எண்ணை) வைத்துக் கணக்கிடப்படுவதால் 300 ஸ்கீமா இருந்தால் ஒரே க்வெரிக்கு 300 வரிசை. இங்கே மேக்ஸை உயர்த்துவது நியாயம். அந்தச் சர்வரின் தனிக் கோப்பில், காரணத்தோடு எழுதுங்கள். மாற்ற ரீஸ்டார்ட் வேண்டும்.

ப்ளான் போடும் நேரத்தையும் அளக்கும் ட்ராக்_ப்ளானிங் டீஃபால்ட் ஆஃப், அப்படியே இருக்கட்டும். ஒரே வடிவக் க்வெரி பல கனெக்‌ஷன்களில் ஒரே நேரத்தில் ஓடும்போது அது கவனிக்கத்தக்க அளவு வேகத்தைக் குறைக்கக்கூடும் என்று ஆவணமே சொல்கிறது.

#13 · ஆழிக்கரை

எண்களைச் சேகரிக்கும் ஏஜென்ட்டின் பக்கமும் டீஃபால்ட் கெடுக்கும். க்வெரி உரைகள் டிஸ்கில் தனிக் கோப்பில் இருக்கும். வியூவை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அந்தக் கோப்பு முழுவதும் படிக்கப்படும். நீளமான ஓஆர்எம் க்வெரிகள் இருந்தால் அது பெரிதாக வளரும். 10 செகண்டுக்கு ஒரு தடவை வியூவில் செலக்ட் ஸ்டார் போடும் ஏஜென்ட் வீண் சுமை. வியூவுக்குப் பதில் அதே பெயருள்ள ஃபங்ஷனை, ஷோடெக்ஸ்ட் ஃபால்ஸ் என்று கொடுத்து அழையுங்கள்; எண்கள் மட்டும் வரும். புதிய க்வெரிஐடி தென்பட்டால் மட்டும் உரையை ஒரு முறை எடுத்துச் சேமியுங்கள். 60 செகண்ட் இடைவெளி பெரும்பாலும் போதும்.

அந்த எண்கள் ரீசெட்டிலிருந்து கூடிக்கொண்டே போவன. ரீசெட் செய்யாமல், இரண்டு சேகரிப்புகளின் வித்தியாசத்தை எடுங்கள். கால்ஸ் முந்தையதைவிடக் குறைந்திருந்தால் அந்த வரிசை வெளியேற்றப்பட்டு மறுபடி நுழைந்திருக்கிறது, அல்லது யாரோ ரீசெட் செய்திருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தைத் தள்ளிவிடுங்கள். 17-இல் ஸ்டாட்ஸ்_சின்ஸ் நெடுவரிசையே ஒரு வரிசை எப்போது தொடங்கியது என்று சொல்கிறது.

ப்ரொமீதியஸுக்கு (அளவீடுகளைச் சேமிக்கும் மெட்ரிக் சர்வர்) அனுப்பினால் லேபிளில் க்வெரிஐடி மட்டும். உரையை லேபிளாக வைத்தால் மெட்ரிக் சர்வரின் மெமரி வீங்கும். பெரிய பதிப்பு அப்கிரேடுக்குப் பிறகு க்வெரிஐடிகள் அதேபோல் இருக்கும் என்று எண்ண வேண்டாம், அங்கே வரைபடம் அறுபடும்.

#14 · கணியன்

தெளிவா இருக்கு. ஆட்டோ_எக்ஸ்ப்ளெய்னும் பொதுக் கோப்புல வரணுமா?

#15 · நிலவறை

வேண்டாம். தேவைப்படும்போது தேவைப்படும் ரோலுக்கு மட்டும். செஷன்_ப்ரீலோட்_லைப்ரரிஸ் மூலம் ஏற்றினால் ரீஸ்டார்ட் தேவையில்லை, புதிய கனெக்‌ஷன்களுக்கு வந்துவிடும். ஆட்டோ_எக்ஸ்ப்ளெய்னுக்கே உரிய லாக்_மின்_டியூரேஷனுக்கு 3000 கொடுத்துத் தொடங்குங்கள். அதன் டீஃபால்ட் -1 என்பதால் ஏற்றினால் மட்டும் ஒன்றும் நடக்காது.

ஓடும்போது அளந்த எண்களையும் ப்ளானில் சேர்க்கும் லாக்_அனலைஸ் ஆன் செய்தால் மிகக் கவனம். எல்லை 3000 என்றாலும், எந்த க்வெரி 3 செகண்ட் தாண்டும் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லா க்வெரிக்கும் ஒவ்வொரு ப்ளான் நோடிலும் கடிகாரம் பார்க்கப்படும். எல்லைக்குக் கீழே முடிந்தவையும் அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். லாக்_டைமிங் ஆஃப் செய்தால் பெரும்பகுதி குறையும். உண்மையான வரிசை எண்ணிக்கை அப்போதும் கிடைக்கும், தவறான மதிப்பீட்டைக் கண்டுபிடிக்க அதுவே போதும். சாம்பிள்_ரேட் 0.05 போல வைத்தால் இன்னும் குறையும்.

ட்ராக்_ஐஓ_டைமிங்கும் அதே கடிகாரத்தைத்தான் நம்பியிருக்கிறது. பொதுக் கோப்பில் ஆன் செய்வதற்கு முன் ஒவ்வொரு வகை மெஷினிலும், கடிகாரம் பார்க்க ஆகும் நேரத்தைச் சோதிக்கும் பிஜி_டெஸ்ட்_டைமிங் ஓட்டிப் பாருங்கள். அழைப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு மைக்ரோசெகண்டுக்குள் முடிந்தால் தயங்காமல் ஆன் செய்யலாம். முடியாவிட்டால் லினக்ஸின் க்ளாக்சோர்ஸ் (கடிகார மூலம்) வேகமான டிஎஸ்சியா என்று பாருங்கள். மெதுவான ஹெச்பிஇடி, ஏசிபிஐ_பிஎம் என்று இருந்தால் அந்த மெஷினுக்கு மட்டும் தனிக் கோப்பில் ஆஃப், பக்கத்தில் காரணம்.

#16 · வைகறை

எங்களிடம் மைஎஸ்க்யூஎல்லும் இருக்கிறது. அங்கேயும் இதே அளவுகோல் பொருந்துமா?

#17 · ஸ்லோலாக்

பொருந்தும், ஆனா டீஃபால்ட் வேற இடத்துல இருக்கு. அங்கே பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா (உள்ளேயே இருக்கிற கண்காணிப்பு டேபிள்கள்) 5.6-லிருந்தே டீஃபால்ட்டா ஆன், அதனால டைஜஸ்ட் (ஒரே வடிவக் க்வெரிகளுக்கான அடையாளம்) வாரியான தொகுப்பு ஒண்ணும் எழுதாமலே கிடைக்கும். ஸ்லோ_க்வெரி_லாக் ஆஃப், லாங்_க்வெரி_டைம் 10 செகண்ட். ரெண்டையும் எழுதணும், முதலாவதை மட்டும் ஆன் பண்ணினா 10 செகண்டுக்குக் கீழே எதுவும் தெரியாது. லாங்_க்வெரி_டைமை செட் க்ளோபல் வழியா மாத்தினா புது கனெக்‌ஷனுக்குத்தான் போகும். கனெக்‌ஷன் பூல் இருந்தா அதைச் சுழற்றி விடணும். லாக்_க்வெரிஸ்_நாட்_யூஸிங்_இன்டெக்ஸஸை ஆன் பண்றதா இருந்தா, அதோட த்ராட்டில் (எத்தனை வரி எழுதலாம்ங்கிற வரம்பு) வரியையும் கட்டாயம் சேர்த்து எழுதுங்க. த்ராட்டில் டீஃபால்ட் 0, அதாவது வரம்பே கிடையாது. பத்து வரிசை இருக்கிற சின்ன டேபிளை முழுசா படிக்கிற க்வெரி எல்லாம் லாக்கை நிரப்பிடும்.

டைஜஸ்ட் டேபிள் நிரம்பினா போஸ்ட்கிரஸ் மாதிரி ஏற்கெனவே இருக்கிறதை வெளியேத்தாது. புதுசா வர்ற எல்லாத்தையும் டைஜஸ்ட் காலியா இருக்கிற (எஸ்க்யூஎல்ல 'நல்', அதாவது மதிப்பே இல்லாத) ஒரே வரிசையில கொட்டிடும். வாரத்துக்கு ஒரு தடவை அந்தக் காலி டைஜஸ்ட் வரிசையோட கவுன்ட்_ஸ்டாரை (ஓடின எண்ணிக்கையை)ப் பாருங்க. அது மொத்தத்துல கணிசமான பங்கா இருந்தாத்தான் பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா_டைஜஸ்ட்ஸ்_சைஸைக் கையால எழுதணும்.